சேர்ந்த முதல் வாரத்திலேயே கணினி மையத்துக்கு வாருங்கள்

சேர்க்கை முடிந்தது, விடுதியில் பெட்டியை இறக்கியாயிற்று, வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் கணினி மையம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேட்டு ஒரு நடை போய்வந்துவிடுங்கள். காவிரி டெல்டாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில், உதவி கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். முத்துப்பேட்டை, வலங்கைமான், திருத்துறைப்பூண்டி, பாபநாசம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருகிறவர்கள். மையத்தின் வாசல்வரை வந்து, கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆறு மாதம் கழித்து அவர்கள் கொண்டுவரும் சிக்கல்களில் பாதிக்குமேல் அன்றைக்கே உள்ளே வந்து கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

இது மாணவர்களுக்கு மட்டுமல்ல, புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் சேர்த்துத்தான். விதிமுறைகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். வேலைகளின் வரிசை அவ்வளவாக மாறாது.

முதலில் கணக்கு

பல்கலைக்கழகம் உங்களுக்கு ஒரு பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் தரும். வைஃபை, மின்னஞ்சல், ஆய்வகக் கணினி, நூலகத்தின் மின்னிதழ்கள், தேர்வுக் கட்டணம், நுழைவுச்சீட்டு எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே சாவியில்தான் திறக்கும். அடையாள அட்டை, சேர்க்கை ரசீது, கைப்பேசி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை இன்னும் அச்சாகி வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சேர்க்கை எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அங்கே கேட்கவேண்டிய முதல் கேள்வி: “என் பெயரில் எந்தக் கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறது?”

நம் பக்கத்தில் விண்ணப்பம் போடுவது பெரும்பாலும் பஸ் நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டரில். கூட்டம் நிற்கும்போது கடைக்காரர் தம்முடைய எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஓடிபி அவர் கையிலேயே வந்தால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் அந்த எண் அப்படியே பல்கலைக்கழகப் பதிவேட்டுக்குள் ஏறிவிடுகிறது.

முதலாண்டு மாணவி ஒருவர், தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாளன்று மாலை நான்கு மணிக்கு என் மேசை முன்னால் வந்து நின்றார். கடவுச்சொல் மறந்துவிட்டது. புதியது கேட்டால் ஆறு இலக்க எண் வேறு எங்கோ போகிறது. பதிவைத் திறந்து பார்த்தோம். அவருடைய எண்ணும் இல்லை, அவர் அப்பாவின் எண்ணும் இல்லை. யோசித்து யோசித்து, ஊரில் விண்ணப்பம் போட்ட கடை நினைவுக்கு வந்தது. கடைக்காரர் அன்று ஒரு திருமணத்துக்காக வேளாங்கண்ணி போயிருந்தார். எண்ணை மாற்ற வேண்டுமானால் சேர்க்கைப் பிரிவின் கையெழுத்து வேண்டும். அந்த அலுவலர் விடுப்பில். வேறொருவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, எண்ணை மாற்றி, கட்டணம் கட்டி முடித்தபோது மணி ஐந்தே முக்கால். பணம் போய்ச் சேர்ந்த ரசீது திரையில் வந்த பிறகும் அந்தப் பெண்ணின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. முதல் வாரத்தில் வந்திருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து முடித்திருக்கலாம்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், அல்லது அப்பாவின் முழுப் பெயரே ஒட்டியிருக்கும். இப்போது மதிப்பெண் அலகுகள் (கிரெடிட்) 2021இல் தொடங்கிய கல்வி மதிப்பீட்டு வங்கியில் (ஏபிசி) சேருகின்றன. அந்தக் கணக்கை டிஜிலாக்கர் வழியாகத் திறக்கிறோம். இந்தப் பதிவுகளில் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் மதிப்பெண் வந்து சேராமல் அந்தரத்தில் நிற்கும். எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி சரிபார்த்து, வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். பணியில் சேருகிறவர்கள் பணிப்பதிவேட்டில் உள்ளபடி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடவுச்சொல்லும் இரண்டாவது பூட்டும்

பிறந்த தேதி, வண்டி எண், குலதெய்வத்தின் பெயரோடு 123: இவை மூன்றையும் எவரும் ஊகித்துவிடலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் தொடர்ச்சியாக எழுதுங்கள். அம்மி, ரயில், பனங்கிழங்கு, ஜன்னல் என்பது போல. நீளம்தான் பலம். நான் இங்கே சொன்ன நான்கையே வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடவுச்சொல் வைத்த கையோடு, கூடவே கைப்பேசியிலிருந்து ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். அப்போது ஒரு பட்டியலாக அவசரக் குறியீடுகள் தருவார்கள். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் மூடிவிடுகிறார்கள். அதை அச்செடுத்து மதிப்பெண் சான்றிதழ் வைத்திருக்கும் கோப்பில் வையுங்கள். கைப்பேசி வாய்க்காலில் விழுந்தால் கணக்கை மீட்டுத் தருவது அந்தத் தாள்தான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் ஏற்றும் பருவத்தில் வேலைப்பளு எனக்குத் தெரியும். அதற்காகக் கடவுச்சொல்லைத் துறை உதவியாளரிடமோ ஆய்வு மாணவரிடமோ கொடுத்துவிடாதீர்கள். அங்கே மாற்றப்படும் ஒவ்வோர் எண்ணும் உங்கள் பெயரில்தான் பதிவாகிறது. உதவிக்கு ஆள் வேண்டுமானால், பதிவேற்ற மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கு கிடைக்குமா என்று மையத்தில் கேளுங்கள்.

வைஃபை, கடைமடை

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வந்து, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, கடைமடைக்கு வரும்போது எவ்வளவு மெலிந்துவிடுகிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வளாக இணையமும் அப்படித்தான் ஓடுகிறது. பெரிய குழாயில் வருவது கட்டடம், தளம், அறை என்று பிரிந்து, இரவு ஒன்பது மணிக்கு விடுதியின் கடைசி அறைக்கு நூலாக வந்து சேரும். பெரிய கோப்புகளை விடியற்காலையில் இறக்குங்கள். நடைபாதையில் உள்ள வைஃபை பெட்டிக்கு நேரே கதவைத் திறந்து வைத்தாலே வேகம் கூடுவதைப் பார்க்கலாம். தடித்த சுவர் அலையை நிறைய விழுங்கிவிடும். அப்படியும் வரவில்லை என்றால் அறை எண், நேரம், கைப்பேசியா லேப்டாப்பா என்ற மூன்றையும் எழுதிப் புகார் கொடுங்கள். “நெட் வரவில்லை” என்று மட்டும் எழுதினால் நாங்கள் எங்கே தேடுவது?

இணைக்கும்போது மூன்று இடத்தில் தடுக்கும். பயனர் பெயரோடு பல்கலைக்கழகத்தின் முகவரிப் பகுதியையும் சேர்த்து முழுதாக எழுத வேண்டியிருக்கும். பாதிப்பேர் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தவிக்கிறார்கள். இரண்டாவது, வைஃபை உண்மையானதுதானா என்று காட்டும் மின்சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்று ஒரு தேர்வு கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். அதே பெயரில் வேறொருவர் போலி வைஃபை வைத்தால் உங்கள் கடவுச்சொல் நேராக அவரிடம் போய்விடும். மூன்றாவதுதான் பலரையும் குழப்புவது. சாதனத்தைப் பதிவு செய்யச் சொல்லும் வளாகங்களில், கைப்பேசியின் மேக் முகவரியை, அதாவது வைஃபையில் அதை அடையாளம் காட்டும் எண்ணைக் கேட்பார்கள். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் கைப்பேசிகள் உண்மையான முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனை முகவரியைக் காட்டுகின்றன. அமைப்பில் ஒரு முகவரியைப் பார்த்து நீங்கள் எழுதிக் கொடுக்க, கைப்பேசி வேறொன்றைக் காட்டும். பதிவு செய்தும் இணையாது. வளாக வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை நீக்கிவிட்டு, பிறகு பதிவு செய்யுங்கள்.

உங்கள் பல்கலைக்கழகம், கல்வி நிறுவனங்கள் வைஃபையைப் பகிர்ந்துகொள்ளும் எட்யுரோம் அமைப்பில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். இந்தியாவில் அதைக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்பான எர்னெட் நடத்துகிறது. சேர்ந்திருந்தால், கருத்தரங்குக்கு வேறு ஊர் போகும்போது அங்குள்ள எட்யுரோம் வைஃபை உங்கள் கணக்கிலேயே இணையும். கிளம்புவதற்கு முன் சொந்த வளாகத்தில் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆய்வகத்தில்

செருப்பை வெளியே விட்டு, பதிவேட்டில் பெயர் எழுதி, உள்ளே போங்கள். லேப்டாப் இல்லாத மாணவருக்கு இதுதான் சொந்த மேசை. காலை நேரத்தில் கூட்டம் குறைவு. பல ஆய்வகங்களில் கணினியை அணைத்துப் போட்டால் அதில் சேமித்ததெல்லாம் துடைத்துப் போகும்படி அமைத்திருப்போம். வைரஸ் பரவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முகப்புத் திரையில் கோப்பை வைத்துவிட்டு மறுநாள் வந்து தேடினால் இருக்காது. மின்சாரம் போனதும் மேசைக்கடியில் யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்காமல் சேமித்துவிடுங்கள்.

எழும்போது கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழவேண்டும். உலாவியை மூடினால் மட்டும் போதாது.

எக்செல் தெரியாது, பைத்தான் தெரியாது என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பல, தமிழ்க் குரலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. லிப்ரே ஆபீஸ், லினக்ஸ் போன்றவற்றைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகக் கேட்டுச் செய்து பார்க்கலாம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஒரு பருவத்துக்குள் ஆய்வகத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நூலகம் உங்கள் அறைக்கே வரும்

2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ நடைமுறைக்கு வந்திருக்கிறது. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களும் பணியாற்றுபவர்களும் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைப் படிக்கலாம். திருவாரூரில் உட்கார்ந்துகொண்டு, முன்பு பெருநகரத்து நிறுவனங்களில் மட்டும் கிடைத்த இதழைத் திறக்கலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஒரு கட்டுரைக்காகச் சென்னைக்கு ரயில் ஏறிய ஆய்வாளர்களை எனக்குத் தெரியும்.

வளாகத்துக்குள் நேராகத் திறக்கும். வீட்டிலிருந்து திறக்க, இன்ஃபெட் என்ற நுழைவு வழி இருக்கிறது; அதற்குரிய கணக்கை நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இவை இரண்டும் எவருக்கும் திறந்தே இருக்கின்றன.

ஆய்வு மாணவர்கள், பிறர் எழுத்தோடு ஆய்வேடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒத்தமைவுச் சோதனை பற்றிச் சேர்ந்தவுடனே தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கடைசி மாதத்தில் மொத்தமாகச் சோதிக்காமல், ஒவ்வோர் இயலையும் எழுதி முடித்ததும் சோதித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேடுகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த கட்டுரை, வழிகாட்டியின் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், உள்ளே ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு மேலே தமிழ் வடிவம் காட்டுபவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். தேடினாலும் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தினாலும் வராது. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் வரியிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள். பழைய கோப்பு இருந்தால் மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, என்எச்எம் கன்வெர்ட்டர் போல. மாற்றியபின் மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே எழுத்து இருமுறை வந்தால் முன்னதில் புள்ளி தானே விழும். ‘தஞ்சை’ எழுத த, ஞ, ச, ஐ. அங்கேயும் இன எழுத்து அடுத்து வருவதால் புள்ளியை நாம் வைக்க வேண்டியதில்லை. முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும். இரண்டு வாரத்தில் விரல் தானாகப் போகும். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அடிக்கும் பணமும், பிறர் அடித்த பிழையைத் திருத்தும் நேரமும் மிஞ்சும்.

நகல் எங்கே இருக்கிறது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. டிசம்பரில் ஓர் ஆய்வு மாணவர் என்னிடம் வந்தார். ஓட்டு வீடு. கூரை பறந்த இரவில் லேப்டாப் மழையில் ஊறியிருக்கிறது. நகல் எடுத்து வைத்திருந்தார்; ஆனால் அந்த வன்தட்டும் அதே பையில் இருந்தது. வன்தட்டைத் திறந்தபோது உள்ளிருந்து சேறு வழிந்தது. மூன்றாண்டுக் களப்பணிக் குறிப்புகளில், ஆகஸ்ட் மாதம் வழிகாட்டிக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த இரண்டு இயல்கள் மட்டும் மிஞ்சின. அந்த மின்னஞ்சலை நாங்கள் சேர்ந்து தேடி எடுத்த கணத்தில் அவர் பேசவே இல்லை. திரையில் கோப்பின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே மூன்று நகல். ஒன்று உங்கள் கணினியில், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்கும் வன்தட்டில், ஒன்று பல்கலைக்கழகம் தரும் மேகச் சேமிப்பில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் உட்கார்ந்து, நகலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பாதீர்கள். களப்பணியில் கையால் எழுதிய குறிப்பேடு இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதையும் ஏற்றிவிடுங்கள்.

பெரிய கணக்கீடு தேவைப்பட்டால்

இது எல்லோருக்கும் வேண்டியிருக்காது. வேதியியல், வானிலை, மரபணு, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய கணக்கீடு செய்கிறவர்களுக்கு மட்டும். திருச்சி என்ஐடியில் 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி தொடங்கி வைக்கப்பட்டது; தேசிய மீக்கணினித் திட்டத்தில் அமைந்தது, திறன் 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள். பயன்படுத்த விரும்பினால் உங்கள் வழிகாட்டி மூலமாக எழுதிக் கேளுங்கள். இப்படிப்பட்ட இயந்திரங்களில் நாம் நினைத்த நேரத்தில் வேலை ஓடாது. முறைப்பாசனம் போல வரிசை உண்டு: எத்தனை கணுக்கள் (மீக்கணினிக்குள் இருக்கும் தனித்தனிக் கணினிகள்), எவ்வளவு நேரம் என்று எழுதிச் சமர்ப்பித்தால் முறை வரும்போது ஓடும். முதலில் ஐந்து நிமிடத்தில் முடியும் சிறு வேலையைக் கொடுத்துச் சோதியுங்கள். எல்லோரும் முதலில் உள்ளே நுழையும் நுழைவுக் கணுவில் நேரடியாகக் கணக்கீட்டை ஓட்டாதீர்கள். மற்ற எல்லோருக்கும் வழி அடைபட்டுவிடும்.

மோசடி மின்னஞ்சல்

“உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, உடனே கடவுச்சொல்லை உறுதிசெய்யவும்” என்று கணினி மையத்தின் பெயரிலேயே வரும். நாங்கள் ஒருபோதும் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டோம். கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்ற அழைப்பும் அப்படித்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கடவுச்சொல்லை உடனே மாற்றி, மையத்துக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

படிப்பு முடிந்து கிளம்பும்போது

வங்கி, டிஜிலாக்கர், ஸ்வயம் இணையவழிப் படிப்புகள், வேலைக்கு விண்ணப்பித்த இடங்கள் என்று எங்கெல்லாம் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்தீர்களோ, அங்கெல்லாம் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். இதற்கு ஒரு வாரமாவது ஆகும். அஞ்சல்களையும் மேகச் சேமிப்பில் உள்ள கோப்புகளையும் உங்கள் வன்தட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். நிலுவையின்மைச் சான்றில் நூலகம், விடுதி, துறை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, கணினி மையத்துக்குக் கடைசியாக வாருங்கள். சில இடங்களில் எங்கள் கையெழுத்து விழுந்த அன்று இரவே கணக்கு மூடப்பட்டுவிடும்.